லிட்டருக்குப் பத்து

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் உன் தம்பி மனைவியும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஃபோர்மேன் ஆன பிறகாவது மற்றவர்களை பஸ்ஸுக்கு அடியில் படுக்க வைக்கிறாயா, இல்லை இன்னும் நீயேதான் படுத்து எழுந்திருக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். என் பிக்கப் டீசலை அநியாயத்துக்குக் குடிக்கிறது. இருபது வருஷத்து வண்டி, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும் என்று இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் இருந்தேன். இனிமேல் அப்படி இருக்க முடியாது.

நான் லோடு அடிக்கிற தண்ணீர் கம்பெனி உனக்குத் தெரியும். மலை மேலே ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் அடைக்கிறார்கள். நிறைந்த பெட்டிகளைக் கீழே இறக்குவதும், காலிப் பெட்டிகளை மேலே ஏற்றுவதும் எங்கள் வேலை. வண்டி எங்களுடையது, டீசல் கம்பெனியுடையது. போன வாரம் புது சூப்பர்வைசர் ஒருவர் வந்தார். வந்த கையோடு கேட் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டினார். எந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று சனிக்கிழமைதோறும் அதில் எழுதுகிறார்கள். என் வண்டிக்கு நேரே ஏழு. கடைசி இடம். பள்ளிக்கூடத்தில்தான் கடைசி பெஞ்சு என்றால் இங்கேயுமா என்று உன் தம்பி மனைவி சிரிக்கிறாள். ஆனால் ராத்திரியில் அவளும் தூங்காமல் கணக்குப் போடுகிறாள், எனக்குத் தெரியும். செப்டம்பர் கடைசியில் பத்துக்கு மேலே இருக்கிற வண்டிகளுக்குத்தான் அடுத்த வருஷம் லோடு. மற்றவர்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இந்த மலையில் வேறு லோடு கிடையாது, எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

பக்கத்து வீட்டு மேஜருக்கும் இதே கதைதான். ராணுவத்தில் எல்லாம் இருந்ததில்லை. எந்த வெயிலிலும் ஒரு பழைய காக்கிக் கோட்டைக் கழற்ற மாட்டான், அதனால் அந்தப் பெயர். அவனுடையதும் என்னுடையதைப் போலவே பழைய வண்டி, அதே மாடல். பலகையில் எனக்கு ஒரு படி மேலே இருக்கிறான்.

என்ன செய்யலாம் என்று எழுது. கம்பெனி போனில் பேசினால் சூப்பர்வைசர் பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கடிதமே நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீங்கள் இருவரும் சுகமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, நானும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் பேசாமல் குடும்பம் நடத்துகிறோம்.

முதலில் ஒன்று சொல்கிறேன். என்ஜின் மேல் கை வைக்காதே. டீசல் அதிகம் போகிறது என்றதும் பம்பைக் கழற்றிப் பரப்பி வைக்கிற வியாதி எல்லா டிரைவருக்கும் உண்டு. நீ முதலில் நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக ஜாக்கி போட்டுத் தூக்கு. கையால் சுற்றிப் பார். லேசாகச் சுற்ற வேண்டும். எதுவாவது முரண்டு பிடித்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறாய் என்று அர்த்தம். டயரில் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன்பே பார். ஓடிச் சூடான டயர் சரியான கணக்குச் சொல்லாது. ஏர் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடி. வெளிச்சம் தெரியாவிட்டால் புதிது போடு. வாயால் ஊதித் திரும்ப மாட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

பிறகு, பின்னால் பெட்டிகளுக்கு அடியில் என்னென்ன குப்பை கிடக்கிறது என்று பார்த்து இறக்கு. உன்னை எனக்குத் தெரியாதா? புத்தகப் பையில் கூழாங்கல் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போனவன்தானே நீ.

காலையில் என்ஜினை உறும விட்டுவிட்டு ஊர்க்கதை பேசுகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்து. பேசுவதை நிறுத்த உன்னால் முடியாது, என்ஜினை நிறுத்திவிட்டுப் பேசு.

செய்துவிட்டு எழுது. ஒவ்வொன்றாகச் செய். எதனால் கூடியது என்று தெரிய வேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்க்காமல் அலமாரியில் வைத்துவிடாதே.

நீ மந்திரவாதிதான். பின்பக்க வலது சக்கரம் அசையவே இல்லை. நானும் மேஜரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிய பிறகுதான் முனகிக்கொண்டு சுற்றியது. மேஜர் சொன்னான்: "இத்தனை நாளா நீ வண்டி ஓட்டலடா, இழுத்துக்கிட்டுப் போயிருக்க." பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, துருப்பிடித்த ஸ்பிரிங்கை மாற்றினேன்.

பின்னால் இருந்து இறக்கிய குப்பையைப் பார்த்தால் நீ அடிப்பாய். இரண்டு ஓட்டை டயர், கல்லாகிப் போன ஒரு சிமெண்ட் மூட்டை, ஒரு இரும்புக் கட்டில். உன் தம்பி மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, இந்தக் கட்டிலத்தான போன வருஷம் வீடு பூராத் தேடினேன். கேட்டப்ப தெரியாதுன்னீங்களே?" என்றாள். வெல்டிங்குக்கு எடுத்துப் போய் அப்படியே மறந்துவிட்டேன், கட்டிலை நானே உள்ளே தூக்கிப் போனேன்.

பலகையில் இப்போது எட்டரை. இன்னும் ஒன்றரை வேண்டும். மேஜருக்கும் இதையெல்லாம் செய்துகொடுத்தேன். அவனும் அதே எட்டரைக்கு வந்துவிட்டான். கம்பெனியில் பேசிக்கொள்கிறார்கள், பழைய வண்டிகளில் ஒன்றோ இரண்டோதான் எடுப்பார்களாம்.

அடுத்து என்ன?

உன் தம்பி


ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. தைலம் வந்தது. தேய்த்தேன். பஸ் டிப்போ முழுக்க என்னை வாசனை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள், இப்போதெல்லாம் எல்லோரும் என்னிடம் மாட்டாமல் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஒன்றரை கூடியதே பெரிய விஷயம். இனிமேல் கூடுவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். ஏற்றத்தில் கறுப்புப் புகை விடுகிறதா? விட்டால் டீசல் தெளிக்கிற நாஸிலைக் கழற்றிக் கடையில் கொடுத்துச் சோதிக்கச் சொல். என்ஜின் சூட்டு முள் நடுவுக்கு வருகிறதா என்று பார். பழைய வண்டிகளில் தெர்மோஸ்டாட்டை யாராவது பிடுங்கி எறிந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் என்ஜின் சூடாகவே ஆகாது, குளிரிலேயே ஓடி டீசலைத் தின்னும். புதிது போடு, பெரிய செலவு இல்லை.

மீதி உன் காலில்தான் இருக்கிறது. ஏற்றத்தில் என்ஜின் திணறும் முன்பே கியரை இறக்கு. தூரத்தில் வளைவு தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு. இறக்கத்தில் கியரிலேயே விடு. காலை எடுத்துவிட்டாலே பம்ப் டீசலை ஏறக்குறைய நிறுத்திவிடும், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரல் போட்டு உருட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடு.

இதெல்லாம் செய்தால் ஒன்பதரை வரும். பத்து வந்தால் உன் அதிர்ஷ்டம்.

மழை ஆரம்பிக்கப் போகிறது. வைப்பர் மாற்று. இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. சுகம், சுகம், சுகம். கடிதம் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துவிடு. தம்பி இப்போது பெரிய ஆள்.

பலகையில் பதினொன்று. நீ ஒன்பதரை என்றாய். நான் பதினொன்று. பழைய வண்டிகளில் முதலிடம். சூப்பர்வைசரே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். டிரைவர்கள் எல்லோரும் டீக்கடையில் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு, "ரகசியத்தச் சொல்லுப்பா" என்று நச்சரிக்கிறார்கள். "எங்க அக்கா கை ராசி" என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

வீட்டில் உன் தம்பி மனைவி சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்கிறாள். வெகு நாளாக இந்த வீட்டில் யாரும் புதிதாக எதையும் செய்யலாம் என்று பேசியதே இல்லை.

சின்னச் சின்னத் தொல்லைகள்தான். என்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் போய்விட்டது. மாற்றினேன், புதிதும் இப்போது இழுக்கத் திணறுகிறது. டூப்ளிகேட் சாமானாக இருக்கும். பிரேக் லைனிங் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. உங்கள் ஊர்க் கடையில் நல்ல லைனிங் கிடைத்தால் ஒரு செட் அனுப்பு.

உன் தம்பி


ஜூன் 22

தம்பி,

நான் நலம். லைனிங் அனுப்பவில்லை.

உன் கடிதத்தை வேலை நடுவில் படித்தேன், பிறகு வேலை ஓடவில்லை. ஸ்பேனரை வைத்துவிட்டுத் திரும்பவும் படித்தேன். நான் சொன்னதெல்லாம் சேர்த்தாலும் அந்த வண்டியில் பதினொன்று வராது. வராத இடத்தில் வந்திருக்கிறது. செல்ஃப் மோட்டார் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை வேலை செய்கிற சாமான். அது ஏன் தீய்கிறது? என்ஜின் பிடித்துக்கொள்கிற வண்டியில் பிரேக் லைனிங் ஏன் தீர்கிறது?

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு, சாவியைத் திருப்பி என்ஜினையே நிறுத்திவிடுகிறாயா?

ஆமாம் அல்லது இல்லை. அது மட்டும் எழுது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுது.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். உங்கள் நலத்தையே விரும்புகிறேன். நான் இதுவரை உங்களுக்குத் தனியாக எழுதியதில்லை. இதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்களிடமிருந்து கடைசியாக வந்த கடிதத்தை அவர் எனக்குப் படித்துக் காட்டவில்லை. எப்போதும் உரக்கப் படித்து, நீங்கள் திட்டுகிற இடத்தில் நடித்தும் காட்டுவார். இந்தத் தடவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கேட்டால், "அக்கா சும்மா நலம் விசாரிச்சிருக்கா" என்கிறார்.

போன வாரம் பல் வலிக்கு மருந்து வாங்க அவரோடு கீழே போனேன். லோடு இருந்தது. மேட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றுவிட்டது. நான் பதறிப் போய், "என்னங்க ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல, சும்மா வர்ற இறக்கத்துக்கு எதுக்கு டீசல் குடுக்கணும்?" என்று சிரித்தார். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வளைவுக்கு முன்னால் அவர் முகம் மாறியது. பெடலை இரண்டு காலாலும் மிதித்தார் அக்கா. இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தார். எதிரே ஒரு பள்ளிக்கூட வேன் ஏறி வந்தது. எங்கள் வண்டி நடுக்கோட்டைத் தாண்டிப் போய், எப்படியோ திரும்பி, பாறை ஓரமாக உரசி நின்றது. என் பக்கத்துக் கதவை இன்னும் திறக்க முடியவில்லை.

பிறகு என்ஜினைப் போட்டு மெதுவாகக் கீழே போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது, "அக்காவுக்கு எழுதிடாத" என்றார். நான் எதுவுமே கேட்காதபோது அவராகச் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாளும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். பெடல் ஏன் அப்படிக் கல்லாகிப் போகிறது? நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். அவர் காலையில் வண்டியை எடுத்தால் திரும்பி வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

உங்கள் தம்பி மனைவி


ஜூலை 20

தம்பி,

உன் மனைவி எனக்கு எழுதினாள். அவளை ஒரு வார்த்தை சொன்னாய் என்று தெரிந்தால் லீவு போட்டுவிட்டு நேரே அங்கே வருவேன். கம்பெனி போனுக்கு இரண்டு தடவை அடித்தேன். லோடோடு போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். நீ திரும்பக் கூப்பிடவில்லை.

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, பஸ் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

பெடல் ஏன் கல்லாகிறது என்று உன் மனைவி கேட்கிறாள். உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன், தெரிந்திருந்தால் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அதைச் செய்திருக்க மாட்டாய். உன் காலின் பலம் மட்டும் அந்த வண்டியை நிறுத்துவதில்லை. என்ஜின் ஓடும்போது காற்றை இழுத்துப் பிரேக்குக்குப் பலம் கொடுக்கிறது. என்ஜினை நிறுத்தினால் அந்தப் பலம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு நீயும் அந்தப் பெட்டிகளும்தான். லைனிங் வேறு சூட்டில் வழுக்கும். கியரும் இல்லை, என்ஜினும் இல்லை. பிடிக்க ஒன்றுமே இல்லை.

போன வருஷம் மலைப்பாதையில் உருண்ட ஒரு வேனை கிரேனில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் டிப்போவில் போட்டார்கள். என்ன பழுது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. கியர் நியூட்ரலில் இருந்தது. சாவி அணைத்து வைத்திருந்தது. அதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த டிரைவரின் மனைவி வாசலில் நின்றுகொண்டு, "வண்டியிலதானம்மா கோளாறு?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று இப்போதுகூட நினைக்கப் பிடிக்கவில்லை.

இவ்வளவும் எதற்கு? கியரில் இறங்கினாலும் டீசல் ஏறக்குறைய போகாது என்று ஏப்ரலிலேயே எழுதினேன். அதைவிடக் கொஞ்ச தூரம் கூடுதலாக உருள்கிறாய், அவ்வளவுதான் உன் லாபம்.

லோடு போனால் போகட்டும். பட்டினி கிடக்க விடமாட்டேன். எனக்கு நீ வேண்டும்டா.

இரண்டு விஷயத்துக்குப் பதில் எழுது. ஒன்று, நிறுத்திவிட்டாயா. இரண்டு, இதை வேறு யாருக்காவது சொல்லிக் கொடுத்தாயா.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் நலம். உன் கடிதத்தை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நடித்துக் காட்டவில்லை.

நிறுத்திவிட்டேன். கடிதம் வந்த அன்றிலிருந்து நிறுத்திவிட்டேன். அவள் தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், தினமும் திரும்பி வந்ததும் என் முகத்தைப் பார்த்தே கேட்டுக்கொள்கிறாள். பாறையில் உரசிய கதவைத் தட்டிச் சரிசெய்துவிட்டேன். கழற்றிப் பார்த்தபோது பிரேக் டிரம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. புது லைனிங் போட்டிருக்கிறேன், மெதுவாக ஓட்டுகிறேன்.

பலகையில் ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. நீ சொன்ன கணக்குச் சரிதான். பத்துக்குக் கால் குறைகிறது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, கியரை நிதானமாகப் போட்டுப் பழகினால் எட்டிவிடலாம். மேஜர் பதினொன்றரையில் இருக்கிறான். ஆள் காற்றில் மிதக்கிறான்.

உன் முழங்கால் எப்படி? இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. சுண்ணாம்பு அடிப்பதை மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். உன் டிப்போவில் அந்தப் பழைய மேலதிகாரி ஓய்வு பெற்றுவிட்டாரா?

உன் தம்பி


ஆகஸ்ட் 11

தம்பி,

நீ நிறுத்திவிட்டாய் என்று படித்ததும் உட்கார்ந்து அழுதேன். தைலம் கண்ணில் பட்டுவிட்டது என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

ஆனால் நான் கேட்டது இரண்டு கேள்வி. முழங்கால், மழை, சுண்ணாம்பு, என் மேலதிகாரி எல்லாவற்றையும் விசாரித்துவிட்டாய், இரண்டாவது கேள்வியை மட்டும் தொடவில்லை. மேஜருக்கும் அதே மாடல். நீ செய்த ரிப்பேரைத்தான் அவனும் செய்தான். உனக்கு ஒன்பதே முக்கால். அவனுக்கு மட்டும் எப்படிப் பதினொன்றரை வரும்?

போய்ச் சொல். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போ. மழைக்காலம்டா.

அக்கா


செப்டம்பர் 6

தம்பி,

பதில் இல்லை. தினமும் தபால்காரரைப் பார்த்துப் பார்த்து அவரே எனக்குப் பயந்து வேறு வாசலில் நுழைகிறார். பேப்பரில் மலைப்பாதை என்று எதைப் பார்த்தாலும் பெயரைத் தேடுகிறேன். மேஜர் எப்படி இருக்கிறான்? ஒரு வரியாவது எழுது.

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் நலம். மேஜரும் நலம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், உனக்கு மூச்சு வரட்டும்.

ஆமாம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மே மாதக் கடைசியில் அவன் பத்துக்கு வர முடியாமல் தவித்தான். என் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த மேட்டில் சாவியைத் திருப்ப வேண்டும், எங்கே திரும்பப் போட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். பெரிய வித்தைக்காரன் என்ற நினைப்பு எனக்கு. நீ ஜூலையில் கேட்டபோது கை எழுதவே வரவில்லை.

உன் ஆகஸ்ட் கடிதம் வந்த பிறகும் ஒரு வாரம் சும்மா இருந்தேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எப்படிப் போய்ச் சொல்வது? பழைய வண்டிகளில் ஒன்றைத்தான் எடுப்பார்கள் என்று அதற்குள் உறுதியாகிவிட்டது. நான் கீழே இறங்கிவிட்டேன், அவன் மேலே இருக்கிறான். இப்போது போய், "அதச் செய்யாத" என்றால் அவன் என்ன நினைப்பான்?

கடைசியில் போனேன். நீ எழுதியதெல்லாம் சொன்னேன். அந்த வேன் கதையையும் சொன்னேன். அவன் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு கேட்டான். பிறகு சிரித்தான். "ஏண்டா, நீ மேல இருந்தப்ப இது வித்தை. நான் மேல வந்ததும் ஆபத்தாயிடுச்சா?" என்றான். நான் அவன் கையைப் பிடித்தேன். உதறிவிட்டான். "செப்டம்பர் முடியட்டும். அப்புறம் நீயே கெஞ்சினாலும் செய்ய மாட்டேன்" என்றான். மூன்று தடவை போனேன் அக்கா. மூன்றாவது தடவை கதவைத் திறக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து நல்ல மழை. நான் காலிப் பெட்டிகளோடு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். அவன் லோடோடு எதிரே இறங்கி வந்தான். எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தான். என்னைத் தாண்டிப் போகிற அந்த நொடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. கீழே வளைவில் எப்படியோ தப்பித்தான் என்று பிறகு தெரிந்தது. சாயங்காலம் டீக்கடையில் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தான்.

நான் நேரே சூப்பர்வைசரிடம் போனேன். இதை யார் ஆரம்பித்தது, யார் கற்றுக்கொடுத்தது, யார் இன்னும் செய்வது என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயரை முதலில் சொன்னேன். மேஜரின் வண்டியை அப்போதே ஷெட்டுக்குள் விடச் சொல்லிச் சக்கரத்தைக் கழற்றினார்கள். லைனிங் தேய்ந்து ஆணி தெரிந்தது. டிரம்மில் விரிசல். கம்பெனி மெக்கானிக் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது இன்னொரு லோடு தாங்கியிருக்காது சார்" என்றார். மேஜர் அதைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பலகையில் எங்கள் இரண்டு பேருடைய பெயரையும் அழித்துவிட்டார்கள். இந்த மாதத்தோடு இருவருக்கும் லோடு இல்லை. பட்டினி கிடக்க விடமாட்டேன் என்றாயே, அந்த தைரியத்தில் அங்கே வருகிறோம், டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை என்றாலும் பரவாயில்லை. உன் தம்பி மனைவி இப்போதே பாத்திரங்களை மூட்டை கட்டுகிறாள். இரும்புக் கட்டிலை நானே எடுத்து வைத்தேன்.

மேஜரின் மனைவி நேற்று வாசலில் வந்து நின்றாள். தெருவே வேடிக்கை பார்த்தது. "தனக்கு இல்லாட்டி அடுத்தவனுக்கும் இருக்கக் கூடாதுன்னு நினைச்சீங்கல்ல? ஒரே தட்டுல சாப்பிட்டவன் செய்யற வேலையா இது?" என்றாள். உன் தம்பி மனைவி உள்ளே வந்து, "அந்த டிரம்மப் பத்திச் சொல்ல வேண்டியதுதானே?" என்று அழுதாள். எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தப் பெண்ணுக்கு நடக்கவிருந்ததையே நினைத்து நினைத்துத் தூக்கம் போய்விடும். அவளுக்கு என் மேல் கோபம் இருந்தால் போதும், அது தூக்கத்தைக் கெடுக்காது.

மேஜர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. டீக்கடையில் நான் நுழைந்தால் எழுந்து போகிறான். என்னைப் பற்றி ஊர் முழுக்கக் கெட்ட வார்த்தையில் பேசுகிறானாம். பேசட்டும். தலை நரைத்து, பல் எல்லாம் கொட்டி, கோலூன்றி நடக்கிற வயதிலும் அவன் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கட்டும் அக்கா.

உன் தம்பி